சாப்பிட்டால் தெளியும் தள்ளாட்டம்: நான்கே முக்கால் வயதுச் சிறுமிக்குக் குளுட்-1 குறைபாடு கண்டறியப்பட்ட விதம்

குளுட்-1 குறைபாடு என்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மூளைக்குள் போதிய அளவு போகாத மரபணு நோய். அடையாளம் தெரியாமல் இருக்க, நோயைப் பாதிக்காத சில குடும்ப விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

தென் மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த குடும்பம். தந்தை சரக்கு வண்டி ஓட்டுகிறார். தாய் அவருக்கு மாமன் மகள். மூத்த பையனுக்கு எட்டு வயது, எந்தக் குறையும் இல்லை. இரண்டாவதுதான் இந்தச் சிறுமி. நிறைமாதப் பிரசவம், எடை 2.9 கிலோ, தலைச் சுற்றளவு 33.5 செ.மீ. பிறந்தவுடன் அழுதாள், பால் குடித்தாள், மூன்றாம் நாள் வீடு திரும்பினாள்.

நாலரை மாதத்தில் தாய் முதலில் கவனித்தது கண்ணை. இரு கண்களும் சட்டென்று ஒரு பக்கம் பாயும், நொடி நிற்கும், பிறகு வேறு பக்கம் பாயும். கண் போன திசைக்கே தலையும் வெட்டித் திரும்பும். ஒரு நிமிடம், சில நாள் மூன்று நிமிடம். நடுவில் கூப்பிட்டால் சிரிப்பாள். உள்ளூரில் செவ்வாப்பு என்றார்கள், மந்திரித்தார்கள். குழந்தை மருத்துவர் பார்த்த நேரத்தில் எதுவும் நடக்கவில்லை. ஏழாம் மாதத்தில் அது தானாகவே குறைந்துபோனதால் எல்லோரும் மறந்தும் போனார்கள்.

எட்டாம் மாதம் காய்ச்சலோடு முதல் வலிப்பு, சுமார் எட்டு நிமிடம். மூளைக்காய்ச்சலோ என்ற ஐயத்தில் முதுகில் ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரை எடுத்தார்கள். அறிக்கையில் இருந்தவை: அணுக்கள் 2, புரதம் 24, சர்க்கரை 34 மி.கி. கிருமி வளரவில்லை. இரண்டு நாளில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி, ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தை எழுதி அனுப்பினார்கள். வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "தண்டுவட நீர் இயல்பு."

மருந்து எடுத்தும் வலிப்பு மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தது. ஒன்றரை வயதில் வால்புரோயேட்டுக்கு மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது. எம்.ஆர்.ஐ. இயல்பு. இரண்டு முறை எடுத்த ஈ.ஈ.ஜி.யும் (மூளையின் மின்னலைப் பதிவு) இயல்பு. இருபத்திரண்டாம் மாதம்தான் நடந்தாள். நடை அகலமாக, தள்ளாட்டமாகவே இருந்தது. பேச்சும் தாமதம்.

மூன்று வயதில் புதிதாக ஒன்று சேர்ந்தது. காலையில் எழுந்ததும் நாக்கு குழறும், டம்ளரைப் பிடிக்க முடியாது, வலது பாதம் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும், நிற்கவைத்தால் சரிவாள். நினைவு தப்பாது. சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். நான்கு வயதில் அங்கன்வாடி ஆசிரியை கவனித்தது வேறு: நடுவில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து விளையாட்டைத் தொடர்கிறாள்.

நான்கே முக்கால் வயதில் குழந்தைகள் நரம்பியல் பிரிவுக்கு வந்தபோது கோப்பில் நான்கு பெயர்கள் இருந்தன: வலிப்பு நோய், மூளை வாதம், "மெட்டபாலிக் நோய்? — நெருங்கிய உறவில் திருமணம்" (உடலின் வேதிவினைகளில் வரும் குறை), கடைசியாக "பழக்கவழக்கப் பிரச்சினை?"

முதல் வருகையில் கண்டது

எடை 14.8 கிலோ. தலைச் சுற்றளவு 46.5 செ.மீ. பிறந்தபோது இயல்பாக இருந்த தலை, இந்த வயதுக்கான வரைபடத்தில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. பிறவியிலேயே சிறுத்த தலை வேறு, பிறகு வளர்ச்சி குன்றிய தலை வேறு. இரண்டாவது வகை என்றால் மூளைக்கு ஏதோ போதவில்லை என்றும் பொருள் இருக்கலாம். கால்களில் லேசான விறைப்பு, முழங்கால் அனிச்சை மிகை, நேர்கோட்டில் நடக்க முடியவில்லை. அவள் வந்த நேரம் பகல் பதினொன்றரை. இட்லி சாப்பிட்டிருந்தாள். தாக்கம் எதுவும் வரவில்லை.

இடைவிட்டு வரும் நோய்களின் தொல்லையே இதுதான், மருத்துவர் முன்னால் வராது. அதனால் தாயின் கைபேசியில் இருந்த வீடியோக்கள்தான் உடல் பரிசோதனையைவிட உதவின. மொத்தம் பதினொன்று. பாதி வீடியோவில் முகம் மட்டும், இரண்டில் தாயின் பதற்றக் குரலும் தரையும் மட்டும். ஆனாலும் ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் பதிவாகியிருந்தன. நேர வரிசையில் ஒரு தாளில் எழுதியபோது ஒழுங்கு தெரிந்தது: ஏழு காலை 6.10க்கும் 8.20க்கும் நடுவில், இரண்டு மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், மீதி இரண்டு கோயில் மலைப்படி ஏறி இறங்கிய நாளில்.

கேள்விகளும் அப்போதுதான் திசை மாறின. "தாக்கம் எப்போது வருகிறது?" என்று கேட்பதோடு, "எது செய்தால் போகிறது?" என்றும் கேட்கப்பட்டது. பதில் சொன்னவர் அப்பத்தா.

"வெறும் வயித்தோட இருந்தா வந்துரும் டாக்டர். ரெண்டு வாய் உள்ள போனா தெளிஞ்சிருவா. வெல்லத் தண்ணி குடுத்தாலே போதும்."

"இதை முன்னாடி யார்கிட்டயும் சொன்னீங்களாம்மா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். ரத்தத்துல சர்க்கரை பாத்துட்டு, அதெல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க."

அது உண்மைதான். கோப்பில் தாக்கத்தின்போது விரல் நுனியில் எடுத்த அளவு இருந்தது: 82 மி.கி. ரத்தச் சர்க்கரை குறையவில்லை, ஆகவே பசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அந்த வழி அப்போதே அடைபட்டுவிட்டது. அடைபட்டிருக்கக் கூடாத வழி அது. வயிறு காலியானால் வருகிறது, சாப்பிட்டால் போகிறது, நடுவில் ரத்தச் சர்க்கரையோ இயல்பாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேரும் நோய்கள் மிகச் சில. சர்க்கரை ரத்தத்தில் இருக்கிறது, மூளைக்குள் போகவில்லை.

ஏன் இந்தத் திசை

ரத்தத்தில் இருந்து மூளைக்குள் குளுக்கோஸைக் கடத்தும் புரதம் குளுட்-1. மூளையின் நுண்ரத்தக் குழாய்ச் சுவரிலும் சிவப்பணுக்களின் மேலும் இருப்பது. அதை உருவாக்கும் மரபணு எஸ்.எல்.சி.2ஏ1. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கதவுகளில் பாதிதான் வேலை செய்யும். நன்றாகச் சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை உயர்ந்து நிற்கும்போது பாதிக் கதவே ஓரளவு போதும். இரவு முழுக்கப் பட்டினிக்குப் பின், அல்லது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் நீண்ட நடைக்குப் பின், போதாது. குழந்தைப் பருவத்தில் மூளையின் சர்க்கரைத் தேவை பெரியவர்களைவிட மிக அதிகம் என்பதால் தட்டுப்பாடு அப்போதுதான் கடுமையாகத் தெரிகிறது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டி விவோவின் குழுவினர் 1991இல் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். மரபணுப் பிழை 1998இல் உறுதியானது.

மாற்று நோய்களும் எடைபோடப்பட்டன. தாக்கம் எதில் தெளிகிறது என்பதை வைத்தே பலவற்றைப் பிரிக்கலாம். உடலின் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமுமாக மாறிமாறிச் செயலிழக்கும் ஹெமிப்ளீஜியா, ஒன்றரை வயதுக்குள் தொடங்கும், தூங்கினால் தெளியும், விழித்துச் சிறிது நேரத்தில் திரும்பவும் வரலாம். இவளுக்குத் தூங்கி எழுந்தால்தான் மோசம். டோபா மருந்துக்கு இணங்கும் தசை முறுக்கு நோயான டிஸ்டோனியாவில் காலை நன்றாக இருந்து மாலையில் கால் முறுக்கும். இங்கே நேர் எதிர். திடீர் அசைவால் தூண்டப்பட்டு உடல் தானாக முறுக்கி அசையும் டிஸ்கைனீசியா பெரும்பாலும் பள்ளி வயதில் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இடைவிட்டு வரும் தள்ளாட்ட நோயான அடாக்சியாவின் இரண்டாம் வகையில் தள்ளாட்டம் மணிக்கணக்கில் நீடிக்கும், ஆனால் சாப்பாடு அதை அசைக்காது. சர்க்கரையை ஆற்றலாக்க உதவும் நொதி குறையும் பைருவேட் டீஹைட்ரஜனேஸ் குறைபாட்டில் தண்டுவட நீரில் லாக்டேட் ஏறியிருக்கும், ஆகவே அதே ஊசியில் அதையும் பார்த்துவிடலாம்.

இந்தப் பட்டியல் முடிந்த பிறகே பழைய கோப்பு முதல் பக்கத்தில் இருந்து மறுபடி படிக்கப்பட்டது. எட்டாம் மாத அறிக்கையின் 34க்குப் பக்கத்தில் ஆய்வகம் சிறிய அம்புக்குறி போட்டிருந்தது. கீழ்நோக்கிய அம்பு. அணு இல்லாமல், புரதம் ஏறாமல், சர்க்கரை மட்டும் குறைந்த தண்டுவட நீரை இயல்பு என்று சொல்ல முடியாது. அன்று கேட்ட கேள்வி "மூளைக்காய்ச்சலா?" என்பது மட்டுமே. அதற்கு "இல்லை" என்ற பதில் கிடைத்ததும் தாள் மூடப்பட்டுவிட்டது. அப்போது உடன் எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு கோப்பில் இல்லை. அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து நோயை உறுதிப்படுத்தவும் வழியில்லை.

நாலரை மாதத்துக் கண் அசைவும் இப்போது பொருள் கொண்டது. கண் தாறுமாறாக ஓயாமல் துடிக்கும் ஆப்சோகுளோனஸ் அல்ல அது. பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் நடுவில் நிற்கிறது, தலையும் அதே திசையில் போகிறது. குளுட்-1 குறைபாட்டின் முதல் அடையாளமாகக் கைக்குழந்தைகளில் வரக்கூடியது இது.

முதல் முடிவு: மரபணுச் சோதனைக்கு முன் முதுகு நீர்

மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம் என்ற கருத்தும் இருந்தது. அதற்கு உடன்படாததற்குக் காரணங்கள் உண்டு. முடிவு வர வாரக்கணக்காகும். வந்தாலும் "பொருள் தெளிவற்ற மாற்றம்" என்று வரக்கூடும். நோய் இருந்தும் இந்த மரபணுவில் பிழை அகப்படாத குழந்தைகள் சிலரும் உண்டு. தண்டுவட நீர்ச் சோதனைக்கு அன்றைக்கே விடை கிடைக்கும், செலவும் சில நூறு ரூபாய்தான். மரபணுவுக்கு ரத்தம் அதே நாளில் எடுத்து அனுப்பப்பட்டது, ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில் ஈ.ஈ.ஜி. மூளை முழுவதும் ஒரே நேரத்தில் நொடிக்கு இரண்டரை முதல் மூன்று வரை கூர் அலைகள். பதிவை நிறுத்தாமல் காலைச் சாப்பாடு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவை ஏறக்குறைய மறைந்துவிட்டன. முந்தைய இரண்டு பதிவுகளும் முற்பகல் பதினொரு மணி வாக்கில், குழந்தை தூங்க வேண்டும் என்பதற்காக வயிறு நிறையப் பால் கொடுத்து எடுத்தவை. இயல்பாக வந்ததில் வியப்பில்லை.

இரண்டாம் நாள் முதுகு நீர் எடுக்கத் திட்டம். அன்று நடந்த தவறு சாதாரணமானது, அதனாலேயே எழுதவேண்டியது. வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டிரிப் போடுவது வார்டு வழக்கம். இரவுப் பணியில் இருந்தவர்கள் அந்த வழக்கப்படி ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை, கலந்த பாட்டிலை ஏற்றிவிட்டார்கள். காலை ஏழரைக்குத்தான் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் தண்டுவட நீரில் அது சமன்படப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில், தண்டுவட நீர்ச் சர்க்கரையை ரத்தச் சர்க்கரையால் வகுத்து வரும் விகிதம் பொய்யாகக் குறைந்து காட்டும். நோய் இல்லாத குழந்தைக்கும் நோய் இருப்பதாகத் தோன்றும். எனவே ஊசி தள்ளிப்போடப்பட்டது. மறுநாளுக்குக் கட்டில் தலைப்பில் ஒரு அட்டை தொங்கியது: "தண்ணீர் மட்டும். டிரிப் கூடாது."

மூன்றாம் நாள் செய்த வரிசை இது. அதிகாலை நான்கு மணிக்கு கடைசிச் சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும். நாலரை மணி நேரம் போதும். பட்டினி கிடந்தால் தாக்கம் வரும் குழந்தையை இரவு முழுக்கப் பசியில் வைக்கத் தேவையில்லை. ஏழரைக்கு முதுகில் மரத்துப்போகும் களிம்பு தடவி மேலே பிளாஸ்திரி, ஒரு மணி நேரம் ஊறவேண்டும். கையில் ஊசிக்குழாயை முந்தின மாலையே போட்டு வைத்தாயிற்று. எட்டு இருபதுக்கு, குழந்தை அப்பாவின் மடியில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குழாய் வழியே ரத்தம் எடுக்கப்பட்டது. முதுகு நீருக்கு முன் ரத்தம், பின் அல்ல. ஊசி குத்தி அழுத பிறகு எடுத்தால் அழுகையின் பதற்றமே ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

ரத்தம் போன குழாய் சாம்பல் நிற மூடி போட்டது. அதில் இருக்கும் ஃபுளோரைடு சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். சாதாரணக் குழாயில் எடுத்து அறை வெப்பத்தில் விட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்தால் 86 என்பது 75க்கு வந்துவிடும். விகிதம் பொய்யாக உயரும், நோய் தப்பிப்போகும். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் செய்யும் பிழைக்கு இது நேர் எதிர்ப் பிழை.

எட்டரைக்கு முதுகு நீர். மயக்க மருந்து கொடுக்கவில்லை, அப்பா பிடித்துக்கொண்டார். முதல் குழாயில் ஒரு மி.லி., சாம்பல் மூடி, சர்க்கரைக்கு. இரண்டாவதும் அப்படியே, பனிக்கட்டியில் வைத்து, லாக்டேட்டுக்கு. மூன்றாவது அணுவுக்கும் புரதத்துக்கும். நான்காவது ஒரு மி.லி. உறைநிலையில் சேமிப்புக்கு, பின்னால் வேறு கேள்வி எழுந்தால் மறுபடி குத்தாமல் இருக்க. ஆய்வகத்துக்குக் குழாய்களைக் கையில் எடுத்துச்சென்றவர் அங்கேயே நின்று பதிவு செய்துவிட்டு வந்தார்.

முடிவு: ரத்தச் சர்க்கரை 86, தண்டுவட நீரில் 32, விகிதம் 0.37. லாக்டேட் 0.8 மில்லிமோல். அணு 1, புரதம் 18. சாதாரணமாக விகிதம் 0.6ஐ ஒட்டி இருக்கும். இந்த நோயில் பெரும்பாலும் 0.4க்குக் கீழே, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தண்டுவட நீர்ச் சர்க்கரை 40க்குள். லாக்டேட்டும் குறைந்தே இருந்ததால் பைருவேட் நோயும் விலகிப்போனது.

இரண்டாம் முடிவு: மருந்து மாற்றமும் கீட்டோன் உணவும்

சர்க்கரை போகாத மூளைக்கு வேறு எரிபொருள் உண்டு. கொழுப்பில் இருந்து கல்லீரல் உருவாக்கும் கீட்டோன்கள் வேறு கதவு வழியே மூளைக்குள் போகும். கீட்டோஜெனிக் உணவை இந்த நோயில் கடைசிக் கட்ட முயற்சியாக வைப்பதில்லை, முதல் சிகிச்சையே அதுதான்.

அதற்கு முன் வால்புரோயேட்டை விலக்க முடிவானது. அது குளுட்-1இன் வேலையைத் தடுக்கக்கூடியது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன, கொழுப்பை எரிக்க உடலுக்கு வேண்டிய கார்னிட்டினையும் கரைக்கும். ஃபீனோபார்பிட்டாலுக்கும் குளுட்-1ஐத் தடுக்கும் குணம் உண்டு. முதல் பத்து மாதம் இவளுக்குக் கொடுத்த மருந்து அது என்பது கோப்பைப் படித்தவர்களுக்கு உறுத்தலாகவே இருந்தது. மாற்று வலிப்பு மருந்தான லெவெட்டிராசெட்டம் 125 மி.கி. காலை மாலை தொடங்கி, ஒரு வாரத்தில் 250 ஆக்கி, வால்புரோயேட் நான்கு வாரத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. சிரப் எதுவும் இல்லை, எல்லாம் மாத்திரை. சிரப்பில் இருக்கும் சர்க்கரையே ஒரு வேளைக் கணக்கைக் குலைக்கும்.

உணவு தொடங்கும் முன் அசைல்கார்னிட்டின், சிறுநீர் ஆர்கானிக் அமிலங்கள், கல்லீரல், கொழுப்பு அளவுகள், சிறுநீரக ஸ்கேன் பார்க்கப்பட்டன. கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறை இருந்தால் இதே உணவு உயிருக்கே ஆபத்து. அந்தக் குறை இல்லை. கார்னிட்டின் மட்டும் குறைவு, அதற்குக் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

கணக்கு இப்படிப் போட்டார்கள். நாளுக்கு 1,100 கலோரி, விகிதம் மூன்றுக்கு ஒன்று. அதாவது புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு மூன்று கிராம். கொழுப்பு சுமார் 106 கிராம், புரதம் 16, மாவுச்சத்து 19. இரண்டு இட்லியில் அந்தப் பத்தொன்பதும் ஏறக்குறைய தீர்ந்துவிடும் என்று உணவியலாளர் சொன்னபோது தாய் நம்பவில்லை. ஒரு வேளைக்கு எடுத்துக்காட்டு: முட்டை ஒன்று, முட்டைக்கோஸ் பொரியல் 60 கிராம், வெண்ணெய் 15 கிராம், நெய் 12 கிராம். பொரியலுக்கு அந்த நெய்யே. தட்டில் ஒட்டியிருக்கும் நெய்யை வழித்து ஊட்டிவிட வேண்டும், கணக்கில் அதுவும் உண்டு. தேங்காய் எண்ணெய், பனீர், சுரைக்காய், வெள்ளரி, கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து ஏழு நாளுக்குப் பட்டியல் தயாரானது. ஒரு கிராம் காட்டும் மின்தராசு ஒன்று வாங்கினார்கள். கரண்டி அளவு உதவாது.

மருத்துவமனையிலேயே தொடங்கினார்கள். முதல் இரண்டு நாள் ஒன்றுக்கு ஒன்று, அடுத்த மூன்று நாள் இரண்டுக்கு ஒன்று, ஆறாம் நாள் மூன்றுக்கு ஒன்று. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தச் சர்க்கரை, நாளுக்கு இருமுறை ரத்தக் கீட்டோன். ஏழாம் நாள் மாலை வாந்தி, சோர்வு, மூச்சு சற்று ஆழம். சர்க்கரை 51, கீட்டோன் 6.3 மில்லிமோல். இலக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்பதால் இது மிகை. ஆரஞ்சுச் சாறு 30 மி.லி. கொடுத்து, அரை மணியில் தெளிந்தாள். இரண்டு நாள் விகிதத்தை இரண்டரைக்கு இறக்கிப் பிறகு மறுபடி ஏற்றினார்கள். மூன்றாம் வாரம் மலச்சிக்கல் வந்தது, தண்ணீரையும் கீரையையும் கூட்டியதில் சரியானது. கால்சியம், வைட்டமின் டி, சர்க்கரை சேராத பலவைட்டமின், கல் வராமல் இருக்கப் பொட்டாசியம் சிட்ரேட் ஆகியவை தொடர்கின்றன.

பின்னர் நடந்தவை

உணவு தொடங்கிய பத்தாம் நாளில் இருந்து காலைத் தள்ளாட்டம் இல்லை. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வலிப்பும் இல்லை. வெறித்த பார்வை ஒரு மாதத்தில் நின்றது.

ஆறாம் வாரம் மரபணு முடிவு வந்தது. எஸ்.எல்.சி.2ஏ1இல் ஒரு பிரதியில் பிழை, புரதத்தின் 333ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோபேன். இந்த நோயில் முன்பே பலரிடம் கண்ட மாற்றம். பெற்றோர் இருவரிடமும் அது இல்லை, குழந்தையில் புதிதாக நேர்ந்தது.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஐந்து வருடமாகக் கேட்டுவந்த குடும்பம் அது. உறவுத் திருமணத்தால் வாய்ப்பு கூடுவது, இரு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களுக்கு. இந்த நோய் பெரும்பாலும் ஒரு பிரதிப் பிழையில் வருவது, அதுவும் பெரும்பாலான குழந்தைகளில் புதிதாகத் தோன்றுவது. கோப்பில் எழுதிய "நெருங்கிய உறவில் திருமணம்" என்ற வரி குடும்பத்துக்குக் குற்ற உணர்வைக் கொடுத்தது, மருத்துவர்களைத் தவறான நோய்களின் பின்னால் அனுப்பியது. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல என்றும் விளக்கப்பட்டது. பெற்றோரின் கருவணுக்களில் மட்டும் பிழை ஒளிந்திருக்கலாம்.

மூன்றாம் மாதம் ஒரு பின்னடைவு. காய்ச்சலுக்கு வேறிடத்தில் சேர்த்தபோது டெக்ஸ்ட்ரோஸ் சலைன் ஏற்றினார்கள், பாராசிட்டமால் சிரப் கொடுத்தார்கள். மறுநாள் சிறுநீரில் கீட்டோன் இல்லை, அதற்கடுத்த காலையில் கால் முறுக்கிக்கொண்டது. குடும்பம் தொலைபேசியில் கேட்டுச் சொல்லி, சாதாரண சலைனுக்கு மாற்ற ஒரு பகல் போனது. அதற்குப் பிறகு தாயின் பையிலும் அங்கன்வாடியிலும் ஒரு அட்டை இருக்கிறது: நோயின் பெயர், சர்க்கரை இல்லாத சலைன், மாத்திரை அல்லது ஆசனவாய் மருந்து, ரத்தச் சர்க்கரை எந்த அளவுக்குக் கீழே போனால் மட்டும் டெக்ஸ்ட்ரோஸ் தரலாம் என்ற எண், அழைக்க வேண்டிய எண். அங்கன்வாடிச் சத்துமாவு உருண்டையும் கோயில் பொங்கலும் இப்போதும் தினப்போராட்டம். அண்ணன் தன் பிஸ்கட்டைத் திண்ணையில் உட்கார்ந்து தின்னப் பழகிக்கொண்டான்.

ஆறு மாத முடிவில்: வலிப்பு இல்லை, கால் முறுக்கு காய்ச்சலின்போது ஒருமுறையும் ஊருக்குப் போய் சாப்பாடு தாமதமானபோது ஒருமுறையும். கைப்பிடி இல்லாமல் படி ஏறுகிறாள். மூன்று சொல் வாக்கியம் பேசுகிறாள். உயரம் இரண்டு செ.மீ. மட்டுமே கூடியது, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 158, சிறுநீரகத்தில் கல் இல்லை. தலைச் சுற்றளவு மாறவில்லை. அறிவு வளர்ச்சி வயதுக்குப் பின்தங்கியே இருக்கிறது. எட்டாம் மாதத்திலேயே தொடங்கியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தாய் கேட்டார். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பது வரைதான் நேர்மையாகச் சொல்ல முடிந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தண்டுவட நீர்ச் சர்க்கரையைத் தனி எண்ணாகப் படிக்கக் கூடாது. கூடவே எடுத்த ரத்த அளவு இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பாதி மதிப்புதான். அணு இல்லாமல் சர்க்கரை மட்டும் 40க்குக் கீழே வந்த கைக்குழந்தையை, காய்ச்சல் தணிந்தபின் அழைத்து, வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும். வலிப்பு நேரத்தில் எடுத்த முதல் அளவு பதற்றத்தில் திரிந்திருக்கலாம் என்பதும் மறுபடி பார்க்க ஒரு காரணம்.

விளங்காத வலிப்புக்கு ஈ.ஈ.ஜி. எழுதும்போது நேரத்தையும் எழுதலாம். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. தனிச் செலவில்லை, தொழில்நுட்பர் ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோ எடுக்கச் சொல்லும்போது எப்படி என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கைபேசியைப் படுக்கைவசமாகப் பிடித்து, முதலில் உடல் முழுவதும், பிறகு கண்ணும் முகமும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இரு கையையும் தூக்கச் சொல்வது, முடியும் வரை நிறுத்தாமல் எடுப்பது. கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று குரலிலேயே பதிவது. இந்தக் கடைசிக் குறிப்பு இந்த வழக்கில் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

அந்தப் பிரிவில் குழந்தைகளுக்கு முதுகு நீர் எடுக்கும் தட்டில் இப்போது மூன்று சாம்பல் மூடிக் குழாய்கள் சேர்த்தே வைக்கப்படுகின்றன. இரண்டு தண்டுவட நீருக்கு. சிவப்பு நாடா கட்டிய மூன்றாவது ரத்தத்துக்கு, அதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.